ஆடுகள் மட்டும் கூடலாம்

மானாம்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வர வேண்டிய சின்ன ஊர் எங்களுடையது. அங்கே நான் ஊராட்சிச் செயலர். மாடி எடுக்க, மோட்டார் கொட்டகை போட என்று அனுமதி கேட்டு வருகிற எல்லாரும் கட்டி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். "எல்லாம் முடிஞ்சிட்ச்சி, ஒரு சீல் மட்டும் வெச்சிக் குடு சுப்பிரமணி" என்பார்கள். சீல் வைக்கத்தான் என் அம்மா என்னைப் பெற்றாள் என்று நினைப்பு. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் வந்து ஒழுங்காக மனு கொடுத்த ஒரே ஆள் பிரிஸ்கில்லா அக்கா. கடைசியில் மாட்டிக்கொண்டதும் அவர்தான்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் குனிந்தே இருந்தவர். மகள் ஷாரோன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். நெல்லுக்குப் போதாது, ஆட்டுக்குப் போதும். ஆனால் அது களிமண் பூமி. ஐப்பசி மழை பிடித்தால் தரை காயவே காயாது, ஆடுகளுக்குக் குளம்பு அழுகும், குட்டிகளுக்குச் சளி கட்டும். போன மழையில் ஒரு குட்டியைப் பழைய புடவையில் சுற்றி அடுப்போரம் வைத்துப் பார்த்தார். பிழைக்கவில்லை. என்னிடம் மனு கொடுக்க வந்த அன்றைக்கும் அந்தக் குட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது பரண் கொட்டகை. சவுக்குக் கம்பங்கள் நட்டு, இடுப்பு உயரத்தில் இடைவெளி விட்டுப் பலகை அடித்து, மேலே தகரம் போடுவது. ஆடுகள் மேலே நிற்கும், புழுக்கையெல்லாம் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும், கால் ஈரம் படாது. "மயைக்கு முன்ன நின்னுடணும் தம்பி" என்றார். நானும் தலைவரிடம் சொல்லி, காகிதம் பின்னால் வரும், கம்பம் நடுகிற வேலையை ஆரம்பிக்கலாம் என்று அனுப்பினேன்.

இங்கேதான் கதை கெட்டது. காலனியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடு கட்டினால் பாஸ்டரை அழைத்து ஜெபம் செய்து, சிலுவை பொறித்த கல் ஒன்றைப் பதிப்பார்கள். வீட்டுக்குத்தான் அந்த வழக்கம். ஆட்டுக் கொட்டகைக்கு யாரும் கல் பதித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அக்கா குடியிருக்கிற வீடு சர்க்கார் கட்டிக் கொடுத்தது. அதன் வாசலில் இருக்கிற கல்லில் யார் யார் பெயரோ இருக்கிறது. சொந்த மண்ணில் அவர் எழுப்புகிற முதல் கட்டடம் இந்தக் கொட்டகைதான். அதனால் மூலைக் கம்பத்தின் அடியில் சிலுவையோடு, 'கர்த்தர் தந்த இடம்' என்று பொறித்த கல்லைப் பதித்தார்.

பாஸ்டர் ஜான்சன் நல்ல மனிதர், சுருக்கமாக ஜெபிக்க மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையையே கூட்டி வந்தார். அடித்து முடித்த பலகைமேல் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து பாடினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள். அடுத்த நிலத்தில் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் எல்லாவற்றையும் பார்த்தார். மறுநாளே ஒன்றிய ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார், அனுமதி இல்லாமல் ஜெபக்கூடம் கட்டுகிறார்கள் என்று. ஒளிவு மறைவெல்லாம் அவரிடம் கிடையாது. என்னிடமே வந்து சொன்னார்.

"நாளைக்கு மைக்கு கட்டுவாங்க, காரு வரும், என் வரப்பு மேலதான் நடப்பாங்க. நான் இன்னா பண்றது?"

வழிபாட்டு இடம் என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும். ஆபீசிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. வாங்கிய தகரம் பரணுக்குக் கீழே கிடந்தது. கிழக்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஷாரோன் போனில், "அந்தக் கல்லப் பேத்துப் போடும்மா, பேஜாரே வாணாம்" என்றாள். பாஸ்டரும் எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார். அக்கா அசையவில்லை. "ஆட்டுக்கு ஜெபம் பண்ணதுல இன்னா தப்பு கீது?" என்று என்னைக் கேட்டார். தப்பு இல்லைதான். ஆனால் கல்லை எடுத்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்வையிட ஆபீசர் அம்மா வந்தார். கன்னியப்பனும் வந்து நின்றார். அம்மா கல்லைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், முகத்தை இறுக்கிக்கொண்டு பரண்மேல் ஏறினார். இரண்டாவது எட்டிலேயே செருப்புக் குதிகால் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது.

"இதுல எப்படிங்க முட்டி போட்டு ஜெபம் பண்றது?" என்று அவரே கேட்டார்.

அக்கா அகத்திக் கொத்தை எடுத்துக் கம்பத்தில் கட்டினார். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வுப் பலகையில் ஏறி வந்து, அம்மாவை ஓரமாக நெருக்கிக்கொண்டு மேய்ந்தன. ஒன்று அவர் கையிலிருந்த ஃபைலையும் மோந்து பார்த்தது. அம்மா சிரித்துவிட்டார். "சரி, ஆடுதான். கல்லு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோதுதான் கன்னியப்பனுக்கு முகம் வெளுத்தது.

"அப்போ நெசமாவே ஆடா? இதுக்கு ஜெபக்கூடமே தேவலியே. பைபிள் தூக்கிக்கினு வந்தவன் எவனும் என் வேர்க்கல்லைய மேயலியே."

ஆபீசர் அம்மா என்னைப் பார்த்தார். அதற்கும் ஒரு ஆட்சேபணை எழுத வேண்டியிருக்குமோ என்று நான் பேனாவை மூடாமல் நின்றேன். அக்கா கன்னியப்பன் பக்கம் திரும்பினார். அவர் நிலத்தில் எத்தனையோ வருஷம் களையெடுத்தவர் இவர்.

"நைனா, ஆட்டக் கீய எறக்கவே மாட்டேன். தீனி எல்லாம் மேலதான். நீ வேர்க்கல்லை புடுங்கினதும் கொடிய எனுக்குக் குடு. பரணுக்குக் கீய வியுற புயுக்கைய நீயே வாரிக்கினு போ."

ஆட்டு எருவை வேண்டாமென்று சொல்ல எந்த விவசாயிக்கும் வாய் வராது. கன்னியப்பன் வரப்பைக் காட்டி, "சுத்தி வேலி போட்டுடு" என்றார்.

அனுமதி வந்தது. நான்தான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்தக் கொட்டகையை ஆடு வளர்ப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஆட்கள் கூடக் கூடாது. ஏற்கனவே ஒரு மனு வந்ததால் ஆபீசில் ஜாக்கிரதையாக எழுதியிருந்தார்கள். அக்கா திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆடுங்க கூடலாம். நாங்க கூடக் கூடாது. அப்டித்தானே தம்பி?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருக்கு வலித்தது என்பது குரலிலேயே தெரிந்தது, எனக்கும் வலித்தது. ஆனாலும் தலையாட்டினேன். அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தகரம் போடுகிற ஆளைத் தேடிப் போனார்.

கொட்டகை முடிந்து ஆடுகளை ஏற்றிய காலையில் என்னையும் கூப்பிட்டிருந்தார். முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது ஆடுகள் மேலே காய்ந்த காலோடு நின்று கடலைக்கொடி மென்றுகொண்டிருந்தன. பாஸ்டரும் சபை ஜனங்களும் வேலிக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள். நாலைந்து குடைதான், மற்றவர்கள் முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தார்கள். அக்காவும் அவர்களோடுதான் நின்றார்.

"நீ படிச்ச மாதிரியே நடக்குறோம், பாத்துக்கோ" என்றார் என்னிடம்.

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். மழையென்றும் பார்க்கவில்லை, வழக்கம்போல நீண்டுகொண்டே போனது. அப்போது கன்னியப்பன் இன்னொரு கட்டுக் கொடியைத் தலையில் சுமந்துகொண்டு வரப்பில் வந்தார். கட்டை இறக்காமல் அப்படியே நின்று ஜெபத்தைக் கேட்டார். பிறகு இருமினார்.

"பாஸ்டரே, மேல ஏறி நின்னு சொல்லுங்க. எயுதிப் போட்டவன் நான்தான். நானே சொல்றேன், ஏறுங்க."

பாஸ்டர் ஏறவில்லை. என்னைப் பார்த்தார். அக்காவும், நனைந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதல் ஆளாக ஏறி ஆடுகளுக்கு நடுவே போய் நின்றேன்.