குப்புற மிதந்து கேட்ட ஒப்பாரி

கோவில்பட்டியில் எனக்குச் சிமெண்ட் கடை. நன்றாக விற்ற டீலர்களைக் கம்பெனி ஒருமுறை ஜோடியாக லட்சத்தீவுக்குக் கூட்டிப் போனது. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு ஆடாமல் குப்புற மிதந்தால் மீன்களைப் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. குமட்டலில் படகிலேயே சுருண்டு தூங்கிய என் மனைவி அதைக் கேட்கவில்லை.

நான் இறங்கி, மஞ்சளும் நீலமுமாகத் திரிந்த மீன்களைப் பார்த்தபடி மெய்மறந்து மிதந்தேன். அப்போதுதான் அவள் கண்விழித்திருக்கிறாள். எங்கள் கரிசல் பக்கம் தண்ணீர் என்றால் கிணறுதான். அதில் ஒருவர் குப்புற மிதந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

படகில் ஒப்பாரி கிளம்பியது.

"என்னய ஆண்ட மகராசா! உப்பில்லாத கொழம்பக்கூட ருசின்னு சாப்பிட்டியளே! ஒங்கள மாதிரி தங்கமான மனுசன் உண்டா?"

கல்யாணமான நாளிலிருந்து இதில் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. தலையைத் தூக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதந்தேன். கடைசியில் வழிகாட்டி வந்து காலைப் பிடித்து இழுத்தார்.

"உசுரோடதான் கெடந்தியளா? நான் கத்துனது கேக்கலயா?"

"கேட்டுச்சு. அதான் எந்திரிக்கல" என்றேன்.

ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் அவள் வைத்த குழம்பில் ஒரு கல் உப்புகூட இல்லை.

ருசி என்று சொல்லி, தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.