கூலிக் கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு

எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், காலேஜிலும் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் இரண்டாம் வருஷத்தோடு என் வாலிபால் முடிந்திருக்கும்.

தாம்பரத்தில் ஒரு காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படித்தேன். ஃபீஸ் கிடையாது. அதற்குப் பதிலாகக் காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் நிற்க வேண்டும், சாயங்காலமும் நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. ஆட்டத்தை விட்டால் சீட்டும் போகும். அந்த வருஷம்தான் பெயின்டரான அப்பா சாரத்திலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்துப் பொழிச்சலூர் வீட்டில் படுத்துவிட்டார். அம்மாவின் எக்ஸ்போர்ட் கம்பெனிச் சம்பளம் வாடகைக்கும் மாத்திரைக்குமே சரியாகப் போனது.

"குரோம்பேட்டை ஜவுளிக்கடையில சாயங்காலமும் ஞாயித்துக்கெழமையும் ஆள் கேக்கறாங்கடி. இந்த மாசத்தோட பந்தை விட்டுட்டு அங்க போ. ஃபீஸுக்கு வேற ஏதாவது வழி பாக்கலாம்," என்றாள் அம்மா. வேறு வழி எதுவும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால், தலைக்கு மேல் நான். காலேஜ் அட்மிஷன் பேனரில், எகிறி அடிக்கும் என் படம். பெருமையாவது மண்ணாவது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோ எடுத்தவருக்குக் காசு, பிரின்ட் போட்டவருக்குக் காசு, ஏணி வைத்துக் கட்டியவருக்குக் காசு. எகிறினவளுக்கு மட்டும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும்.

நேராக எங்களுக்குப் பயிற்சி தரும் பி.டி. சாரிடம் போய், டீமில் விளையாடுகிறவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் தரவேண்டும் என்றேன்.

"பைத்தியமா உனக்கு? சீட்டு குடுத்தாங்க, டிராக் சூட் குடுத்தாங்க, இன்னும் இன்னா வேணும்? வாயை மூடிக்கினு பிராக்டிஸ் பண்ணு. என் வேலைக்கு வேட்டு வச்சுடாத."

மூடவில்லை. பிரின்சிபால் அறைக்கே போனேன். பி.டி. சார் பதறியடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பிரின்சிபால் கத்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "விளையாட்டுக்குக் காசு வாங்கினா அது கூலி ஆயிடும்மா. அதோட மரியாதையே போயிடும்," என்றார்.

"கூலின்னா கேவலமா சார்? எங்கப்பா கூலிதான். அவர் பெயின்ட் அடிச்ச வீட்டுக்கு மரியாதை ஒண்ணும் கொறைஞ்சிடலையே."

"நீ ஸ்டூடன்ட்டும்மா. வேலைக்காரி இல்ல."

"அப்போ எங்க அட்டென்டன்ஸ் நோட்டைக் கொஞ்சம் பாருங்க சார்."

அது பி.டி. சாரின் கையிலேயே இருந்தது. எங்களுக்கென்று தனியாக வாங்குவானேன் என்று, தோட்ட வேலைக்காரர்களுக்கு வாங்கியதில் மிஞ்சிய நோட்டை ஆபீசிலிருந்து எடுத்து வந்திருந்தார். வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, கடைசியில் கூலி என்று அச்சடித்த கட்டங்கள். கூலிக் கட்டத்தில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

பிரின்சிபால் புரட்டிக்கொண்டே போனார். ஒரு வருஷம் முழுக்க எங்கள் கையெழுத்து, பக்கத்திலேயே அந்தக் கோடு. பத்து நிமிஷம் பிந்திய நாட்களில் 'எச்சரிக்கை' என்றுகூட எழுதியிருந்தது.

"லேட்டா வந்தா வேலைக்காரி, காசு கேட்டா ஸ்டூடன்ட்டா சார்?"

அவர் நோட்டை மூடினார். "சம்பளம்னு பேர் வைக்க முடியாது. ஊக்கத்தொகைன்னு வச்சுக்கலாம். டீம் முழுக்க, இந்த மாசத்துலேருந்து."

பேர் என்னவாக இருந்தால் எனக்கென்ன? அவர் சொன்ன தொகை ஜவுளிக்கடையில் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அம்மாவைச் சமாளித்துவிடலாம். என் ஆட்டம் என்னைவிட்டுப் போகவில்லை. சந்தோஷம் தாங்காமல் வராந்தாவிலேயே ஒரு குதி குதித்தேன்.

பி.டி. சார் மெதுவாகப் பின்னால் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பதினோரு வருஷமா நான் டெம்பரரிம்மா. மே மாசம் சம்பளமே கிடையாது. ஒரு நாள்கூட அந்த ரூமுக்குள்ள போய்க் கேட்டதில்ல," என்றார்.

"இப்பவே கேளுங்க சார். கதவு தொறந்துதான் இருக்கு. வாங்க, நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தால், அவர் கிரவுண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.