மிச்சம் பிடித்த திங்கட்கிழமைகள்

என் அறைத்தோழியின் பச்சை ரெக்சின் பை வெள்ளிக்கிழமை காலையிலேயே நிரம்பிக் கட்டிலின் மேல் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வகுப்பு விட்டதும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி, அச்சிறுபாக்கத்துக்குப் பாசஞ்சர் ரயில் பிடிப்பாள். திரும்பி வருவது செவ்வாய்க்கிழமை. வீட்டு ஞாபகம் அதிகம் உள்ள பெண் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் விடுதியில் மெஸ் செலவை மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவார்கள். என்ன சமைப்பது என்பதை நாங்களே கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்வோம். பிரியாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் எல்லாக் கைகளும் உயரும். அவளுடையது மட்டும் மடியிலேயே இருக்கும்.

"தாயே, உனக்கு மட்டும் தனியா கஞ்சி காய்ச்சச் சொல்லட்டா?" என்பார்கள்.

"சொல்லுங்கடி. ஊறுகாய்க்கு வேணா ரெண்டு கையும் தூக்கறேன்" என்பாள்.

அவள் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். அவர் அனுப்பும் மணியார்டருக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஃபீஸுக்கும் சோப்புக்கும் அவள் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் மற்றவர்கள் கை தூக்கி ஏற்றிவிடும் மெஸ் பில்லுக்கு என்ன செய்வாள்? அதற்கு ஒரே வழி மெஸ் கட். தொடர்ந்து மூன்று நாள் விடுதியில் சாப்பிடாவிட்டால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு போக ஒரு நாள் தேவைப்பட்டது. அதற்காகத் திங்கட்கிழமை வகுப்புகளைக் கொடுத்தாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனதே நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. கோவிலம்பாக்கத்தில் அப்பா நிலத்தைப் பிளாட் போட்டு விற்றிருந்ததால் பணத்துக்கும் குறைவில்லை. உன் மெஸ் பில்லை நான் கட்டுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"உங்கப்பா காசுல சாப்ட்டா அப்புறம் உன்கூட எப்பிடிடி சண்டை போடறது?" என்று சிரித்தாள். அட்டெண்டன்ஸ் குறைகிறதே என்றால், "பில்லு கட்டலேன்னா இப்பவே வெளிய போவணும். அட்டெண்டன்ஸு மார்ச்லதான கேப்பாங்க? கணக்கு வெச்சிருக்கேன், கவலைப்படாத" என்பாள்.

உண்மையாகவே வைத்திருந்தாள். பரீட்சை எழுத எவ்வளவு வருகை வேண்டுமோ அதன் விளிம்பில் நிறுத்தியிருந்தாள். பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றி முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஆபீஸில் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். அம்மைக்கு டாக்டரிடம் போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. தழும்பு மறையாத முகத்தோடு அவள் எதிரே நிற்க, ஹால் டிக்கெட் கிடையாது, அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு வருடத்துக்கு அந்த மணியார்டரில் இடமில்லை.

இப்போது நான் வங்கியில் வேலை செய்கிறேன். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சிக்கனம் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். வரவை எழுதுங்கள், கட்டாயச் செலவை முதலில் எடுத்து வையுங்கள், அவசரத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்கிறேன். பெண்கள் குறித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவசரத்துக்கு ஒதுக்க அவளிடம் இருந்தவை அந்தத் திங்கட்கிழமைகள்தான். அவற்றைச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

படிப்பை விட்டுக் கிளம்பிய அன்று அவளை அழைத்துப் போக அவள் அப்பா வந்திருந்தார். அவள் உள்ளே துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, காசு எதுனா வீண்செலவு பண்ணிச்சா இது?"

"இல்லப்பா. ஒரு பைசாகூட இல்ல."

"படிக்கலியா?"

"நல்லா படிப்பாப்பா."

"அப்புறம் ஏம்மா எழுத வுட மாட்டேங்கறாங்க?"

"ரூல் அப்படிப்பா" என்றேன்.

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.