சித்தி விமானம் ஏறாத நாள்

கடலுக்கு அடியில் போய் வருகிறவர்களுக்கு நாலு விதிகள் உண்டு என்பது ஒன்பது வயதிலேயே எனக்குப் பாடம். மூச்சைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது. மேலே வரும்போது தன் மூச்சுக் குமிழிகளை முந்தக் கூடாது. தனியே இறங்கக் கூடாது. இறங்கிய பிறகு ஒரு முழுநாள் போகும்வரை விமானம் ஏறக் கூடாது. உண்மையில் விதிகள் இதைவிட அதிகம். அம்மாவின் தங்கையான என் சித்தி எனக்குச் சொல்லித்தந்தவை இந்த நாலும்தான்.

சித்தி எங்களோடு கொழும்பில், வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்தார். கிழமை நாட்களில் கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை. யுத்தம் முடிந்து, கொழும்புக் கடலில் படகுகள் தாராளமாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சித்தி ஞாயிறுதோறும் கல்கிசையிலிருந்து படகில் போவார். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, பவளப்பாறைகளையும் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களையும் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவார். கண்ணாடி முகமூடி அழுத்திய வளையம் முகத்தில் பின்னேரம்வரை இருக்கும்.

"அடியிலை தாண்டு கிடக்கிற கப்பலைப் பாக்கக் காசு குடுத்துப் போறீர். துறைமுகத்திலை மிதக்கிறதைச் சும்மா பாக்கலாமே," என்பார் அப்பா.

"மிதக்கிற கப்பலுக்குள்ளை மீன் இல்லை, அத்தான்."

அம்மாவுக்கு இந்தப் பகிடிகள் பிடிக்காது. "முகம் கறுத்துப்போச்சு. ஆர் இவளைக் கட்டப் போறான்?"

கட்டுவதற்கு ஒருவர் வந்தார். அகதியாகப் போய் ஜேர்மனியில் இருந்தார், இலங்கைக்கு வர முடியாதவர். அவரும் தாயாரும் திருச்சிக்கு வருவதென்றும், நாங்களும் அங்கே போவதென்றும், பிடித்தால் கோயிலிலேயே தாலி கட்டுவதென்றும் பேச்சு. 'பிடித்தால்' என்பதை எல்லோரும் ஒரு மரியாதைக்குத்தான் சொன்னார்கள். கூறைச்சேலை ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது. சித்தி ஒருமுறை வேண்டாம் என்று சொன்னது எனக்கு ஞாபகம். "என்ன குறை, சொல்லு," என்றார் அம்மா. சித்தியால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நல்ல மனிதர் என்றுதான் விசாரித்த எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

பயணம் ஒரு ஞாயிறு பின்னேரம். அன்று காலை, படகுக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சித்தி புறப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அது பெரிய பரிசு. கடற்கரையில் நின்று கையசைத்துவிட்டு வருவோம் என்று நினைத்தேன். படகிலேயே ஏறிவிட்டோம்.

சித்திக்குக் கடலில் இறங்கப் பழக்கியவரை அவர் 'அய்யே' என்று, சிங்களத்தில் அண்ணா என்று, கூப்பிடுவார். அய்யே தன் சிலிண்டரைப் பூட்டியபடி, பயணம் எப்போது என்று சிங்களத்தில் கேட்டார். அடுத்த கிழமை என்றார் சித்தி. அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். லீவு எடுக்கப் பெரியவர்கள் அலுவலகத்துக்குச் சொல்லும் பொய் போன்ற ஏதோ ஒன்று என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

இருவரும் பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் போனார்கள். கீழே ஒரு சரக்குக் கப்பல் பக்கவாட்டில் கிடப்பதாகவும், அதன் ஏணிகளில் இப்போது மீன்கள் ஏறி இறங்குவதாகவும் சித்தி சொல்லியிருந்தார். படகோட்டி ஒரு முகமூடியைத் தந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் முகத்தை நீருக்குள் வைத்துப் பார்த்தேன். கப்பல் தெரியவில்லை. நீலத்துக்குள்ளிருந்து குமிழிகள் மட்டும் வந்தன. மேலே வர வர அவை அகன்று, தட்டையாகி, என் முகத்தில் பட்டு உடைந்தன. அதில் எது சித்தியின் மூச்சு, எது அய்யேயின் மூச்சு என்று பிரித்தறிய முயன்று தோற்றேன்.

சித்தி மேலே வந்து சிலிண்டரைக் கழற்றினார். திரும்பி வரும்போது, ஓட்டோவில் கேட்டார்.

"எங்கை, ரூல்ஸ் சொல்லு பாப்பம்."

நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். நாலாவதில் நாக்கு நின்றுவிட்டது.

"நாலாவது?"

சொன்னேன்.

"கெட்டிக்காரி," என்று சொல்லிவிட்டு, காலி நகருக்குப் போகும் வீதியின் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சித்தி குளித்து, சாப்பிட்டு, சேலை கட்டி, பெட்டிக்குப் பூட்டும் போட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். அப்பா முதல் பெட்டியை லிப்டுக்குள் வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி பிளேனிலை போகக்கூடாது. காலமை கடலுக்குள்ளை இறங்கினவ."

"என்னடி இது?" அம்மா சித்தியிடம் திரும்பினார். "இண்டைக்குமோ போனனீ?"

"மறந்துபோனன், அக்கா."

விளக்கம் நான்தான் கொடுத்தேன். கீழே இருக்கும்போது நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடும். ஆறுதலாகத்தான் வெளியே போகும். அதற்குள் உயரப் பறந்தால், சோடாப் போத்தல் திறந்தது போல உடம்புக்குள் குமிழி வரும்.

"பிள்ளை விசர்க்கதை கதைக்குது. ஒரு மணித்தியாலப் பறப்பு," என்றார் அம்மா.

அப்பா தனக்குத் தெரிந்த டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு லிப்டிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தார்.

அடுத்த விமானத்தில் இடம் இல்லை. மாப்பிள்ளைக்கு லீவும் இல்லை. முதல் பயணத்திலேயே தடங்கல் என்று அவருடைய தாயாருக்கு மனம் சரியில்லையாம். சில கிழமைகளில் அந்தச் சம்பந்தம் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை என்றாகிவிட்டது. அம்மா கோபத்தை நைதரசன் மீதும் அய்யே மீதும் காட்டினார். சித்தி வேண்டாம் என்றபோது குறை என்னவென்று கேட்ட வீடு, டொக்டர் வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் அடங்கிவிட்டது. இதை நான் கவனிப்பதற்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்பட்டன. இப்போது காற்றை அழுத்தி அடைக்கும் அமுக்கக் கலன்களைப் பரிசோதிப்பது என் தொழில். நைதரசனைப் பற்றி அன்றைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அன்று எனக்கு வேறு கவலை. எனக்குச் சொல்லித்தந்தவரே எப்படி மறந்தார்? அடுத்த ஞாயிறு, பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட சித்தியை வாசலில் மறித்துக் கேட்டேன்.

"வயசு போகுதெல்லோ," என்றார். அவருக்கு அப்போது முப்பது ஆகவில்லை.

நான் நம்பினேன். இவ்வளவு மறதிக்காரியைக் கடலுக்கு அனுப்புகிறோமே என்ற பயத்தில், நாலு விதிகளையும் சொல்லிக்காட்டிவிட்டுப் போகும்படி அவரை அங்கேயே நிறுத்திவைத்தேன். சித்தி செருப்பைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் விடாமல், ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.