நீல ரூம் தனலட்சுமி

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. "தனம் நம்மள உட்டுப் பூட்டா அண்ணாத்தே," என்றார் அவள் வீட்டுக்காரர். கையிலிருந்த சரத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினேன்.

காளான் வளர்க்கும் உங்கள் எல்லோருக்கும் தனலட்சுமியைத் தெரியும். அம்பத்தூர் கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போய், வெள்ளானூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்த்தவள். ஒருநாள் கொட்டகையை நான்காகத் தடுத்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று அறைக்கு ஒரு நிறத்தில் விளக்கு மாட்டச் சொன்னாள். எலக்ட்ரீஷியனான நான் சிரித்தேன். "காளானுக்கு இன்னா கண்ணா கீது, கலர் பாக்க?"

"கண்ணு இல்லாட்டி இன்னாண்ணே? வெயில் அடிச்சா உனுக்கு முதுவுல தெரில?" என்றாள்.

அவள் நினைத்ததுதான் நடந்தது. சிவப்பு அறையில், இருட்டில் வளர்ந்ததுபோலத் தண்டு நீண்டு, தலை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிட்டது. நீல அறையில் தண்டு குட்டை, குடை உள்ளங்கை அகலம். "வெளிச்சம் சரியில்லன்னா கழுத்துதாண்ணே நீளுது, தலை வர்ல," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. குடை முழுக்க விரிவதற்குள் பறித்துவிடுவது உங்கள் வழக்கம். விரிந்தால் அடியிலிருந்து வித்துத்தூள் கொட்டும், நெஞ்சுக்கு ஆகாது. எல்லாம் தெரிந்த மேதாவிபோல, "பாதியில பறிச்சா அளவு எப்டிம்மா சரியா வரும்? முழுசா விரிய உடு," என்றேன். விட்டாள், ஒவ்வொரு முறையும். நீல அறையில்தான் குடை பெரிது, தூளும் அங்கேதான் அதிகம். தரையில் கோலமாவு சிந்தியதுபோலக் கிடக்கும். ஸ்கேலும் கையுமாக அதிலேயே உட்கார்ந்திருப்பாள்.

இருமல் வந்தது. மாஸ்க் போடச் சொன்னால், "மூக்கக் கட்டிக்கினா வாசன தெரிலண்ணே," என்பாள். ஆனாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வாங்கி, மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். முகூர்த்த மாதம், நான் மண்டபம் மண்டபமாக ஓடிக்கொண்டிருந்தேன். "ஆவணி போவட்டும்மா," என்றேன். ஆவணி போயிற்று. அடுத்த தையும் போயிற்று. நுரையீரல் தழும்பேறிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது சித்திரை.

கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீல ரூமு எப்டிண்ணே கீது?" என்றுதான் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். கொட்டகையைப் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நாளாக ஆகச் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஃபேன் ஒன்றுதான். என் வீட்டுப் பரணில், பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. எந்த அறைக்கு என்று நான் மறந்துவிடக்கூடாதே என்று, பெட்டியின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: 'நீல ரூம்.'