அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வூஃபர்

சின்ன வயதில் தேரோட்டத்தன்று தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கு நெஞ்சுக்குள்ளேயே அதிரும். அந்த அதிர்வு எங்கள் வீட்டு ஹாலுக்குள் வரவேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. ஸ்டீரியோவில் தவில் கேட்டால் வலது பக்கத்து வலந்தலை மட்டும் சடசடக்கும். இடது பக்கத்துத் தொப்பியின் கனத்த சத்தம் இருக்கிற இடமே தெரியாது. அதற்காகத்தான் கனத்த சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியை வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஒயர், மாட்டுவது சுலபம்தான். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துப் போட்டேன். சத்தம் சுவரோரம் டொம்மென்று முட்டியது, என் நாற்காலியில் ஒன்றுமே இல்லை. விராலிமலை ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு இது போதாதா?

"நாளெல்லாம் லாரி சத்தம் கேட்டுட்டு வாரேன். வீட்டுலயும் அதேதானா?" என்று பெட்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டுவிட்டார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருந்தார். சாயங்காலம் வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாயங்காலம்தானே, அதற்குள் பார்த்துவிடுகிறேன் என்று இறங்கினேன். நெட்டில் ஒரு வழி படித்திருந்தேன். வூஃபரை நாம் உட்காருகிற நாற்காலியில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, நாம் தரையோடு தரையாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே சத்தம் நிறைவாக வருகிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் நாற்காலிக்கும் அதே சத்தம் வந்துவிடும்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"ஏம்மா, தோட்டுத் திருகாணி விழுந்துருச்சா? நகராத, நானும் தேடுறேன்" என்று அவரும் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்துவிட்டார். பொம்பளை தரையில் தவழ்ந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்திருக்கவில்லை. "அப்ப நான் இங்கிட்டுப் பாக்குறேன், நீ அங்கிட்டுப் போ" என்றார். கொஞ்ச நேரத்தில் ஹால் மூலையில் இருந்த அரிசி டிரம் பக்கத்திலிருந்து கத்தினார்: "இந்தா, இங்கனதான்! வயித்துக்குள்ள இடிக்குது!"

ஓடிப்போய்க் கேட்டேன், அதேதான். பெட்டியை அங்கே தூக்கி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தவிலைப் போட்டேன். தொப்பி வந்தது! கூடவே ஒரு கிர்ர்ர் சத்தமும் வந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். "உள்ள ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சுருக்கு. இது வேண்டாம்னு நான் அப்பவே சொல்லல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காதான் பெட்டியில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இல்ல. மேல பாருங்க" என்றார்.

டிரம்முக்கு நேர் மேலே பரண். அதில் என் கல்யாணச் சீர் பாத்திரங்கள், அண்டா மேல் அண்டாவாக. மகளுக்குக் கொடுக்க வேண்டுமென்று ஒரு நாளும் அடுப்பில் ஏற்றாதவை.

"உங்க அப்பா வீட்டுச் சீரு இப்பத்தான் வாயத் தொறக்குது" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறினார். நான் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்தேன். அண்டாவுக்கு இடையில் ஒவ்வொன்றாகத் திணித்தார். கிர்ர்ர் நின்றது.

இறங்கியவர் கை கழுவப் போகவில்லை, பெட்டிக்குப் பின்னால் குந்திவிட்டார். "இது என்ன சுவிட்சு?"

"ஃபேஸ் சுவிட்சுங்க. இது மத்த ஸ்பீக்கரோட சேந்து அடிக்கிறதுக்கு. தள்ளிப் பாருங்க. ஐயோ, சத்தம் செத்துருச்சு, பழையபடியே வையுங்க!"

பிறகு, எதுவரைக்கும் வூஃபர் வாசிக்க வேண்டும் என்று பிரித்துவிடும் கிராஸ்ஓவர் திருகை எண்பது ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவரச் சொன்னேன். வூஃபரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பெட்டி மறைந்தே போய்விட்டது. தவில்காரர் எங்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தார். எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. அதே அதிர்வு! என் வீட்டுக்காரர் ஆறிப்போன சோற்றை மறந்து, என் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து கேட்டார்.

சாயங்காலம் கடைக்காரர் வந்தார். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரரோ அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "எடுக்குறது இருக்கட்டும், மொதல்ல கேளுங்க."

தவில் முடிந்ததும் என் வீட்டுக்காரரே கடைக்காரரிடம் கேட்டார்: "இதே மாதிரி இன்னொண்ணு இருக்குங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சேலையைச் செருகிக்கொண்டு, அதற்கும் இடம் பார்க்க மறுபடியும் தரையில் மண்டியிட்டேன்.