வைவாவுக்கு ஒரு கரும்புக்கார அப்பா

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் பள்ளியில் யோசனை சொல்லாத ஆளே கிடையாது. ஃபைலுக்குப் பச்சை அட்டை போடு, படத்தை ஸ்கெட்ச்சில் வரையாதே, வைவா கேட்க வெளியிலிருந்து வருகிற மேடத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நெட்டப்பாக்கம் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை இதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வரும். போன வருடத்து அக்காக்கள் விட்டுப்போன ஃபைலில் பெயரை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இத்தனை கவலை எதற்கு?

என்னுடையது சொந்தச் சரக்கு. அந்த வருடம் பண்டசோழநல்லூரில் எங்கள் கரும்பில் செவ்வழுகல் நோய் விழுந்திருந்தது. கழியைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டாக, கள் வாடை அடிக்கும். அப்பா பிளந்து பிளந்து காட்டினார், நான் படம் எடுத்தேன். பரீட்சைக்குப் புறப்படும்போது ஒன்று சொன்னார்.

"வர்ற மேடம் படிச்சவங்க. அதே நெலத்துல மறுக்கா கரும்பு வெக்கலாமா, வாணாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு வா பாப்பா."

அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. லேப் வாசலில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பெயர் வரிசையில் நான் கடைசி. எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். முதல் ஆளாகப் போகவேண்டிய தோழி என்னிடம் வந்தாள். அவளுக்கு மண்புழு உரம் தலைப்பு. அவள் அப்பாவுக்குப் பிள்ளையார்குப்பத்தில் செக்யூரிட்டி வேலை.

"ஏன் இந்தத் தலைப்ப எடுத்தன்னு கேட்டா இன்னாடி சொல்றது?"

இருந்த படபடப்பில், நான் சொல்ல வைத்திருந்ததையே எடுத்துவிட்டேன். "எங்கப்பா கரும்பு போட்டாரு, நோவு வந்துடுச்சு, அவருக்கு சோறே எறங்கல, அதான் எடுத்தேன்னு சொல்லேன்."

உள்ளே போனவள் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தாள். "செமடி. மேடம் உச்சு கொட்டுனாங்க." அடுத்தவன் காதில் ஓதினாள். அவன் அப்பா மெக்கானிக். அவரும் கரும்பு போட்டார், அவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்படியே வரிசை முழுக்கப் பரவியது.

"அது எங்கப்பாடா," என்றேன்.

"ஒரு நாளிக்குக் கடன் குடேன்," என்று சிரித்தான்.

கடைசியாக என் முறை வந்தது. மேடம் ஃபைலைத் திறந்து, ஏன் இந்தத் தலைப்பு என்றார். "எங்கப்பா கரும்பு..." என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமில்லை, அலுப்புதான்.

"போதும்மா. காலையிலேருந்து இந்த அப்பாவத்தான் பாத்துட்டிருக்கேன். நோய்க் கிருமியோட பேரைச் சொல்லு."

சொன்னேன். கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார். நிஜமாகவே எங்கப்பாதான் மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றவர்களும் அப்படித்தானே சத்தியம் பண்ணியிருப்பார்கள்? அப்பாவின் கேள்வியையும் கேட்காமலேயே ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். என் மேல்தான் அதிகக் கோபம்.

சாயங்காலம் அப்பா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார்.

"கேட்டியா பாப்பா? இன்னா சொன்னாங்க?"

"கேட்டேம்பா. மறுக்கா கரும்பு வாணாமாம். நெல்லு போடச் சொன்னாங்க."

ப்ராஜெக்ட் முடிவுரையில் நானே படித்துத் தெரிந்துகொண்டு எழுதியது அது. எழுதிய அன்று அவருக்கு வாசித்துக் காட்டியபோது, கரும்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் போனவர்தான்.

இப்போது நிம்மதியாகத் தலையாட்டினார்.

"படிச்சவங்களே சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும்."